சாமை வயல் பாட்டும் சிறப்பு விருந்தினர் உரையும்

எங்கள் கல்லூரி ரேடியோவில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு யாரும் போட்டி போடவில்லை. பகல் முழுக்க சொட்டுநீர்ப் பாசனம், மாட்டுக்குக் கோமாரி ஊசி, மாணவர்களின் கவிதை என்று நிரம்பியிருந்தது. பத்துக்கு மேல் பகலில் வந்ததையே திரும்ப ஓடவிடுவார்கள். நூலகத்தில் உதவியாளராக இருந்த நான் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டதும், ரேடியோவுக்குப் பொறுப்பாக இருந்த தமிழ்ப் பேராசிரியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அந்நேரத்துக்கு யாரும்மா கேக்கப் போறாங்க?"

"யாராச்சும் முழிச்சிருப்பாங்க சார்."

"சரி, போடு. சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம், நமக்கு உரிமம் கெடையாது. அப்புறம், எதப் போட்டாலும் முன்னாடியே எனக்குப் போட்டுக் காட்டிரு."

சினிமாப் பாட்டு கூடாது என்றதும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பஸ், டீக்கடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் அதைத்தான் கேட்கிறோம். உலகத்தில் வேறு சத்தமே இல்லையா? எங்கெங்கோ தேடித் தேடி என் ஃபோனில் சேர்த்து வைத்திருந்தேன். பெங்களூருப் பையன்கள் நாதஸ்வரத்தோடு கிடாரை மோதவிட்டது, தொண்டைக்குள்ளேயே இரண்டு குரலை ஒலிக்கவிடும் மங்கோலியர்கள், ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு பம்பையை வைத்துக்கொண்டு கோயில் வாசலில் அடித்தது. இதையெல்லாம் இருட்டில் தனியாகக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். பேராசிரியரின் இரண்டாவது நிபந்தனைதான் என்னைப் படுத்தப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

வாரா வாரம் மதிய இடைவேளையில் அவர் அறைக்குப் போவேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்பார். மங்கோலியர்களைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, "இதுல பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார்.

"இதுதான் சார் பாட்டு."

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

பம்பையைப் போட்டேன். கேட்கிறவர்களுக்கு வீட்டிலேயே சாமி வந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார். அதை விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாதி தமிழும் பாதி கன்னடமுமாக ஒரு தாலாட்டு கொண்டுபோனேன். இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் அப்படித்தான் தூங்குகின்றன. "இப்பத்தான் தண்ணிப் பிரச்சன ஓஞ்சிருக்குது. எதுக்கு வம்பு?" டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் தன் வீட்டு விசேஷத்தில் பாடியதைக் கொடுத்திருந்தார். அந்தக் குரலுக்கு நான் அழுதே விட்டேன். "இதப் போட்டா மத்த மதத்துக்காரங்களும் வந்து நிப்பாங்கம்மா" என்று தயிர்சாதத்தை மூடிவைத்தார்.

கெட்ட மனிதர் இல்லை. யாராவது புகார் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தால் சலித்து எடுத்தால் கடைசியில் மிஞ்சுவது புல்லாங்குழல்தான். மூன்று மாதம் போல புல்லாங்குழலே போட்டேன். எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அவரே, "மண்ணோட பாட்டு ஏதாச்சும் கொண்டாயேன். அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வத்தல்மலைக்கு பஸ் ஏறினேன்.

சாமைக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா முதலில் என்னை நம்பவில்லை. வங்கியிலிருந்து வந்திருப்பதாக நினைத்துவிட்டார். ரேடியோ என்றதும், "பாட்டா? எங்குளுதா? இத எவங்க கேப்பாங்க?" என்று சிரித்தார். பேராசிரியர் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இவர் கேட்டுவிட்டு, குனிந்தபடியே பாடவும் ஆரம்பித்துவிட்டார். ஒரு வரி அவர், மறு வரி மற்றவர்கள். நடுவில் களைக்கொட்டு மண்ணில் விழும் சத்தம். கல்யாணமாகிக் கீழே போன ஒரு பெண், மலை ஏற மறந்துபோனதைப் பற்றிய பாட்டு. அவர் குரல் மேலே போய் உடைகிற இடத்தில், பின்னால் நின்ற ஒருத்தியின் இடுப்பில் ஃபோன் அடித்தது. புத்தம்புது சினிமாப் பாட்டு, முழுச் சத்தத்தில்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுபடி பாடச் சொன்னேன். பாடினார்கள், ஆனால் இப்போது நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, என் மைக்கைப் பார்த்துப் பாடினார்கள். பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து சொல்வதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதல் பாட்டில் உயிர் இருந்தது, கூடவே அந்த ஃபோனும் இருந்தது. கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்து பார்த்தேன். ஃபோனை அறுத்தால் அக்காவின் குரலும் சேர்ந்து அறுந்தது. பேராசிரியர் முதல் பாட்டைக் கேட்டதும், "சினிமாப் பாட்டு வருதேம்மா, உரிமம் இல்லையே" என்றார். இரண்டாவதைக் கேட்டு, "இதுதான் சுத்தமா இருக்குது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் பாட்டு வரும் என்று அக்காவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். மலை மடிப்புக்குள் இருக்கும் அவர் ஊருக்கு எங்கள் ரேடியோ எடுக்காது. கீழே நல்லம்பள்ளி வரை தெளிவாகக் கேட்கும், இண்டூர்ப் பக்கம் கொரகொரக்கும், அவ்வளவுதான்.

"நல்லம்பள்ளில எங்க தங்கச்சி வூடு இருக்குதுங்க. நாங்க அங்க போயிக் கேட்டுக்கறோம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதியமே நிகழ்ச்சியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்தேன். இரவு பத்து மணிக்கு ரேடியோவைத் திருகினால், கல்லூரி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார். இளைஞர்களே, கனவு காணுங்கள் என்கிறார். ஏதோ தவறு, இப்போது நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. பேராசிரியர் ஃபோனை எடுக்கவில்லை. அக்காவின் ஃபோன் அணைந்து கிடந்தது. பதினொரு மணிக்குக் கைதட்டலோடு உரை முடிந்தது.

திங்கள்கிழமை அவர் அறைக்குள் உட்காராமலே கேட்டேன்.

"பகல்ல அவரு பேச்சுக்கு எடம் இல்லம்மா. அவரு ஆபீஸ்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரு வாரம்தான, விடு."

"மலையிலேர்ந்து எறங்கி வந்து கேட்டுட்டு இருந்தாங்க சார்."

"யாரு?"

"பாடுனவங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "எங்கிட்ட சொல்லவே இல்லயேம்மா" என்றார். சொல்லியிருந்தால் மாற்றியிருப்பாரா? அதைக் கேட்க வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நூலகத்தில் அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் அக்கா லைனில் கிடைத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல வுடுங்க. ஆறு பேரு வந்திருந்தோம். அந்தய்யா பேசி முடிச்சதும் எங்குளுத போடுவாங்கன்னு கடைசி வரைக்கும் கேட்டோம். நல்லாத்தான் பேசுனாரு."

கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை யாரிடமும் போட்டுக் காட்டாமல் முதல் பாட்டை ஒலிபரப்பினேன், ஃபோன் சத்தத்தோடு, சிரிப்போடு. வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பேராசிரியர் அந்த நிகழ்ச்சியைக் கேட்கவே இல்லை. புகார் சொல்ல ஒரு ஈ காக்காய் இல்லை. இத்தனை நாள் யாருக்குப் பயந்து புல்லாங்குழல் ஊதினோம் என்று ஆத்திரம்தான் வந்தது.

அக்காவுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லியிருந்தேன். மறுபடி இறங்கி வர முடியாது, காட்டில் வேலை கிடக்கிறது என்றுவிட்டார். அதனால் மறுநாள் ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு நானே மலைக்குப் போய், அவர் வீட்டு வாசலில் வைத்துப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

"நல்லா இல்லீங்களாக்கா?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல நாங்க பாடறத நாங்களே கேக்கறோம். ரேடியோன்னா அங்கிருந்தில்ல வரணும்?" என்று கையை மலைக்குக் கீழே நீட்டிக் காட்டினார்.

அவர் கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துக் கீழே வந்தேன்.

இப்போதும் அந்த ஒரு மணி நேரம் என்னிடம்தான் இருக்கிறது. புல்லாங்குழலை நிறுத்திவிட்டேன். பேராசிரியரிடம் போட்டுக் காட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அவரும் ஏன் வருவதில்லை என்று கேட்கவில்லை. இந்த வாரத்துக்குப் பாய் பாடியதை எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்து அந்தக் கன்னடத் தாலாட்டைப் போடலாமா, இல்லை நடுவில் வேறொன்று வேண்டுமா என்று மூன்று நாளாக மாற்றி மாற்றிக் கேட்கிறேன். ஒன்றும் சரியாக ஒட்டவில்லை.