விரதம் என்று பெயர் பெற்ற நோய்

முதல் அறிகுறி என் கணவரின் உள்ளங்கையில் தென்பட்டது. நாள்தோறும் விடியலில் நீராடியபின், திருமண்ணை நீர் விட்டு உள்ளங்கையில் குழைத்து, கண்ணாடி முன் அமர்ந்து நெற்றியில் இட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்று குழைத்த கையோடு அமர்ந்தவர் அப்படியே இருந்தார். நான் அடுப்பு மூட்டித் தளிகை (சமையல்) முடித்து வந்து பார்த்தபோது, திருமண் காய்ந்து கையில் கோடு கோடாக வெடித்திருந்தது.

“என்னன்னா இது, நாழியாச்சே?” என்றேன்.

“இட்டுக்கணும்தான். கை எழும்ப மாட்டேங்கறது, அலமேலு.”

கையில் வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. வேண்டும் என்று நினைப்பதற்கும் அதைச் செய்வதற்கும் இடையில் ஏதோ அறுந்துவிட்டிருந்தது. 1960களின் இறுதி அது; அதற்கு ஒரு பெயர் உண்டென்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

நாங்கள் திருவள்ளூரில், கோயிலை ஒட்டிய வீதியில் கைங்கர்யம் (கோயில் தொண்டு) செய்து வாழ்ந்த குடும்பம். கோயில் கோஷ்டியில் (கூடி ஓதுவோர் குழு) பாசுரம் சேவிப்பதும் (ஓதுவதும்), அமாவாசைதோறும் குளக்கரையில் தீர்த்தம் கொடுப்பதும் என் கணவரின் பொறுப்பு. அந்நாளில் நோயுற்றோர் வெளியூர்களிலிருந்து திரள்வார்கள். வெல்லத்தைக் குளத்தில் கரைத்தால், அது கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை.

அவர் இயல்பிலேயே குறைவாகப் பேசுபவர். தெருவில் பூசல் என்றால் இரு தரப்பாரும் எங்கள் வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்துவிட்டு, மனம் இலேசாகித் திரும்புவார்கள். அவர் மட்டும் எவரிடமும் கொட்டியதில்லை. அவருடைய தம்பி வரதன் நேர்மாறு. பொன்னேரியில் குடியிருந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஓர் இரும்பு ஆலையில் ஸ்டோர் கிளார்க்காகப் பணியாற்றினார். ஒரு தும்மல் வந்தாலும் ரயில் பெட்டி முழுவதற்கும் அறிவிக்கும் மனிதர்.

சுபாவம் (பிறவி இயல்பு) மனநோயை உண்டாக்குகிறதா என்பதை நான் சொல்ல இயலாது. எவருடைய நோய் பிறர் கண்ணில் படும், எவருடையது படாது, எவர் மருத்துவரிடம் செல்வார், எவர் செல்லார் என்பதைச் சுபாவம் பெரிதும் முடிவு செய்கிறது. இதை என் வீட்டிலேயே கண்டேன். இதே துன்பத்தில் இருப்போர்க்குப் பயன்படக்கூடும் என்று எழுதுகிறேன்.

ஏகாதசி உபவாசம் எங்கள் வீட்டில் புதிதன்று. ஆனால் திருமண் காய்ந்த அந்த மாதம், ஏகாதசிக்கு மறுநாளும் அவர் உண்ணவில்லை. பிறகு ஒருவேளை மட்டும், அதுவும் இரண்டு கவளம். உறக்கம் போயிற்று, விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார். பின்னர் பேச்சும் நின்றது. கோஷ்டியில் வாய் அசையும்; ஒலி வராது.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருநாள் என்னைக் கைகூப்பி வணங்கினார். நான் பதறிப்போனேன்.

“நீ பாக்கியசாலிடீ குழந்தே. உன் ஆத்துக்காரர் மௌனம் ஏத்துண்டுட்டார். அதெல்லாம் எல்லாருக்கும் வாய்க்குமோ? எங்காத்துலயும் யாராவது ஏத்துண்டா தேவலை. மாமி கேக்கமாட்டேங்கறா.”

“அவர் எதையும் ஏத்துக்கலை மாமா. பேச முடியலை அவருக்கு.”

“அப்படிச் சொல்லப்படாது. விரதத்தைக் கலைச்ச பாபம் உனக்கு எதுக்கு?”

அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டிற்று. விரதம் என்று ஊர் பெயரிட்டபின், “உங்களுக்கு என்ன செய்கிறது?” என்று மனைவி கேட்பதும் குற்றமாயிற்று. உண்ணாமை தவமாகவும், உறங்காமை தியானமாகவும், வெறித்த பார்வை ஞானமாகவும் கொள்ளப்பட்டன. வேறொரு தெருவில் இதே மனிதரைப் பித்தர் என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தாலாவது வைத்தியம் நடந்திருக்கும்.

அமாவாசைக் கூட்டத்தில் அவரைச் சுற்றித் தனிக்கூட்டம் சேரத் தொடங்கியது. பேசாத சாமியார் கையால் தீர்த்தம் வாங்க வேண்டுமென்று காத்து நின்றார்கள். நான் அவர் பொருட்டு வெல்லம் கரைக்க விரும்பினேன். ஆனால் நோயை நீக்கும் இடத்தில் தொண்டு செய்வோர் தமக்கு நோயென்று அங்கே போய் நிற்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் கொடுத்துக் கரைக்கச் சொன்னேன்.

“யாருக்கும்மா ஒடம்பு?” என்றாள்.

“தூரத்து உறவு,” என்றேன்.

அச்சமயத்தில்தான் வரதன் வந்தார். முந்தைய ஆண்டு அவருக்கும் உறக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்து துன்புற்றிருந்தார். அதை ஆலையிலும் ரயிலிலும் தேநீர்க் கடையிலும் சொல்லிச் சொல்லி, உடன் பயணம் செய்த ஒருவர் மூலம் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரை அறிந்து, மாத்திரை உண்டு தேறியிருந்தார். அண்ணனைச் சிறிது நேரம் பார்த்தவர் நேரே சமையலறைக்கு வந்தார்.

“மன்னி, அண்ணா கடைசியா எப்போ சிரிச்சார்?”

எனக்கு நினைவில்லை.

“இது விரதமில்லை மன்னி. எனக்கு வந்ததேதான் இது. நான் ஊரைக் கூட்டினேன், அவர் வாயை மூடிண்டுட்டார்.”

தமக்காக அவர் ஓரடியும் எடுத்துவைக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். ஆகவே வரதன் அவர் முன் சென்று, “அண்ணா, நேக்கு மறுபடியும் தூக்கமில்லை. டாக்டர்ட்ட தனியா போகப் பயமா இருக்கு. துணைக்கு வரேளா?” என்றார். என் கணவர் உடனே எழுந்து மேல்வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். சற்றுமுன் ஒரு தம்ளர் நீர் எடுக்க எழ முடியாதவர்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நீண்ட பெஞ்சு. என் அருகில் மேரி என்ற பெண் அமர்ந்திருந்தாள். கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி.

“யாருக்கும்மா பாக்கணும்? நாமம் போட்டவருக்கா, தொணதொணன்னு பேசிக்கினு கீறாரே, அவருக்கா?”

“பேசறவருக்கு,” என்றேன்.

“சும்மா சொல்லாதம்மா. அவுரு நல்லாத்தான் கீறாரு.” சிரித்துவிட்டுத் தன் கணவனைக் காட்டினாள். “எங்க ஊட்டுக்காரு சட்டி பானயெல்லாம் ஒடச்சிட்டாரு. கம்பெனில சூப்பர்வைசர அடிக்கப் போனாரு. நாலு பேரு புட்ச்சி வேன்ல போட்டு இட்டாந்தாங்க. இப்ப தேவலாம். உங்க ஊட்டுக்காரு கத்துவாரா?”

“மாட்டார்.”

“அடிப்பாரா?”

“ஐயோ, இல்லை.”

“அப்ப கஷ்டம்தாம்மா. யாரு இட்டாருவாங்க?” என்றாள். கேலியில்லை அதில்.

மருத்துவர் முதலில் வரதனிடம் பேசினார். பிறகு இயல்பாகத் திரும்பி, “ஐயா, நீங்க சொல்லுங்க. காலையில கண் முழிச்சதும் மனசு எப்படி இருக்கும்?” என்றார்.

என் கணவர் வாய் திறந்தார்: “ஏன் விடிஞ்சுதுன்னு இருக்கும்.”

பல மாதங்களுக்குப் பின் நான் கேட்ட அவர் குரல் அது. தினமும் விடியலில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான்.

மருத்துவர் அதை மனச்சோர்வு நோய் (மூளையின் இயக்கம் தளர்ந்து, உறக்கம், பசி, விருப்பம் ஆகியவை குன்றும் நோய்) என்றார். “இவர் அமைதியானவருன்னு எல்லாரும் சொல்றீங்க. இருக்கலாம். அந்த அமைதிக்குப் பின்னால நோய் நின்னுக்கிட்டிருந்தா, வெளியில ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். மாத்திரை வேலை செய்ய மூணு வாரம் ஆகும். விட்டுடாதீங்க. மாசாமாசம் வந்து என்கிட்ட பேசணும், அதுவும் மருந்துதான்,” என்றார்.

மாத்திரையால் நா உலர்ந்தது. பாசுரம் சேவிப்பவர்க்கு அது பெருந்துன்பம். ஆயினும் மெல்ல உறங்கினார். ஒருநாள், “மோர்க்குழம்பு பண்ணேன்,” என்றார். நான் சமையலறையில் நின்று அழுதேன். பின்னர் பாலில் தண்ணீர் கலந்ததற்காகப் பால்காரரிடம் வாசலில் நின்று சத்தம் போட்டார். மணவாழ்வில் அவர் கோபத்தை நான் கண்டது அன்றுதான். வரதன் வந்தால் இருவரும் சிரிப்பார்கள். எங்களுக்குக் குழந்தையில்லை, வீட்டில் அத்தனை ஓசை அதற்கு முன் இருந்ததில்லை. அந்தச் சில மாதங்களே என் வாழ்வின் நற்காலம்.

தெருவுக்கு அது பிடிக்கவில்லை. “விரதம் முடிஞ்சுடுத்தா?” என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டபோது, இழவு விசாரிக்கும் தொனி இருந்தது. முகத்தில் முன்பிருந்த தேஜஸ் (ஒளி) போய்விட்டதென்றார்கள். இளைத்து எலும்பு தெரிந்த முகத்தைத்தான் அவர்கள் ஒளி என்று கொண்டிருந்தார்கள்.

ஓர் அமாவாசையன்று, இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் தீர்த்தம் வாங்க வந்தாள். என் கணவர், “குழந்தைக்கு என்னம்மா?” என்று கேட்டார்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். “இன்னா சாமி, நீ பேசுற? போன தபா பேசாம தண்ணி குடுத்த, புள்ளைக்கு ஜொரம் எறங்கிச்சு. இப்ப மறுபடியும் வந்துக்கீது. நீ ஏன் சாமி விரதத்த வுட்ட?”

அவள்மேல் எனக்குச் சினமில்லை. நோயுற்ற பிள்ளையின் தாய் எதைத்தான் பற்றிக்கொள்ளமாட்டாள்? ஆனால் என் கணவர் எவர் துயரத்தையும் தம் பொறுப்பாக ஏற்பவர். அன்று மாலையே, “மாத்திரை போறும்,” என்றார்.

“டாக்டர் விடப்படாதுன்னாரே.”

“ஒடம்பு சரியில்லாதப்போ நாலு பேருக்கு உபயோகமா இருந்தேன், அலமேலு. இப்போ நான் மட்டும் சௌக்கியமா இருக்கேன்.”

“நானும்தானே சௌக்கியமா இருக்கேன்? அது போறாதா?”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு இருந்தது. ஆனால் மறுநாள் முதல் மாத்திரையைத் தொடவில்லை.

பிறர்க்குக் கொடுத்தே பழகியவர், தாம் நலமாயிருப்பதை ஒரு திருட்டுப்போல எண்ணிக்கொள்கிறார். மருத்துவத்துக்கு இத்தகையவரைக் கொண்டுசெல்வதைக் காட்டிலும், தேறியபின் மருத்துவத்தில் நிறுத்திவைப்பது அரிது. இதை எனக்கு எவரும் முன்னமே சொல்லவில்லை.

நோய் திரும்பியது, முன்னிலும் ஆழமாக. நீர் அருந்துவதும் குறைந்தது. துணைக்கு வரச்சொல்லி ஒருமுறை ஆடிய நாடகம் மறுமுறை பலிக்கவில்லை. வரதன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார்.

“அண்ணா, ஒரே ஒரு தடவை கத்துங்கோ. என்னை ரெண்டு அறை அறையுங்கோ. அறைஞ்சா, கட்டித் தூக்கிண்டு போயிடுவேன். இப்படி உக்காந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்?”

என் கணவர் தம்பியின் தலையில் கைவைத்தார். துயருற்று வருவோர்க்கு அவர் செய்யத் தெரிந்தது அதுதான்.

வரதன் சென்னைக்குப் போய் நிலையைச் சொன்னதும், மருத்துவர் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னார். மின்னதிர்ச்சி சிகிச்சை (மயக்க மருந்து கொடுத்து மூளையில் சிறிதளவு மின்சாரம் செலுத்துதல்) நல்ல பயன் தரும் என்றார். வரதன் ஒரு வாடகைக் கார் கொண்டுவந்தார். இருவருமாகத் தாங்கி அவரை வாசல்வரை அழைத்துவந்தோம். அவர் எதிர்க்கவில்லை, அன்று வந்துவிடுவார் என்றே தோன்றியது.

வீதியில் கூட்டம் சேர்ந்திருந்தது. பேசாத சாமியார் ஊரைவிட்டுப் போகிறார் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். காரின் முன் வரிசையாக விழுந்து சேவித்தார்கள். “ஸ்வாமி எங்களை விட்டுட்டுப் போகப்படாது,” என்று எதிர்வீட்டுப் பெரியவர் தழுதழுத்தார். அவருடைய அன்பில் பொய்யில்லை.

“வழி விடுங்கோ! அவர் சாமியார் இல்லை, நோயாளி! செத்துப்போயிடுவார்!” என்று வரதன் கத்தினார்.

“அவன் எப்பவும் இப்படித்தான் கத்துவான்,” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

என் கணவர் விழுந்து கிடந்தோரைப் பார்த்தார். கேட்டவரை இல்லையென்று அனுப்பி அறியாதவர். எங்கள் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு வீட்டுக்குள் திரும்பினார். மறுநாள் வந்த காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நுரையீரல் அழற்சியாயிற்று. மெலிந்த உடல் அதைத் தாங்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு அவர் இல்லை.

விரதத்திலேயே பரமபதம் அடைந்தார் என்று ஊர் சொன்னது. இன்றும் சொல்கிறது. அவர் இறந்தது நோயினால். மருந்துள்ள நோயினால். இவ்விரு வாக்கியங்களையும் எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

உங்கள் வீட்டில் கத்துகிறவர் இருந்தால் துன்பம்தான்; ஆனால் அவர் உதவி கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாரும் புகழும் அமைதியானவர் இருந்தால், அவர் உண்கிறாரா, உறங்குகிறாரா, விடியலை எப்படி எதிர்கொள்கிறார் என்று கேளுங்கள். ஒருமுறை கேட்டு நிறுத்தாதீர்கள். கேட்டாலும் காப்பாற்றிவிடலாம் என்று நான் உறுதி கூறமாட்டேன். மருத்துவரைக் கண்டபின் நானும் கேட்டேன்.

இப்பொழுது நான் எந்நாளும் மூன்று வேளை உண்கிறேன். கைம்பெண் ஏகாதசியன்று சோறு உண்பதைப் பற்றித் தெரு பேசிற்று, பின்னர் ஓய்ந்தது. விருப்பத்தால் உண்பதில்லை. பசியும் எப்பொழுதும் வருவதில்லை. வயிறு வெறுமையாக உள்ளதை உணர்ந்தால் என் உடல் அஞ்சுகிறது. கை தானே சோற்றுப் பானையைத் தேடுகிறது. உபவாசமும் பாரணையும் (நோன்பு முடித்து உண்ணுதல்) கொண்டு நாள்களை அறிந்தவள் நான். அந்தக் கணக்கு அழிந்துவிட்டது. இன்று என்ன திதி என்று எவரேனும் கேட்டால் தெரியாதென்கிறேன். உண்டு முடித்த வேளை, இன்னும் உண்ணாத வேளை என இரண்டே பொழுதுகள் எனக்கு எஞ்சியுள்ளன. சில நாள்களில் ஒரு கவளத்தை விழுங்குவதற்குள் வெளியே வெயில் சுவரிலிருந்து இறங்கிவிடுகிறது. விழுங்குகிறேன்.