முப்பத்தெட்டுக் கணினிக்கு எத்தனை பேர்

எங்கள் நிறுவனம் மூன்று இடங்களில் இயங்குகிறது. மட்டக்களப்பு நகரில் தலைமை அலுவலகம், வெல்லாவெளியில் நெல் வாங்கும் நிலையம், பாசிக்குடாவில் விடுதிகளுக்குச் சரக்கு அனுப்பும் களஞ்சியம். எல்லாமாக முப்பத்தெட்டுக் கணினிகள். அத்தனைக்கும் ஒரே ஒரு பெண். கணினியோ பிரிண்டரோ இணையமோ, எது படுத்தாலும் அவள்தான் எழுப்ப வேண்டும். அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு என்பதால் அவளுடைய லீவு விண்ணப்பங்கள் என்னிடம் வரும். இரண்டு வருடங்களில் ஒரு நாளைக்கூட அவள் முழுதாக எடுத்ததில்லை. தாயாருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்த அன்றும், வைத்தியசாலை வாங்குப் பலகையில் இருந்தபடி வெல்லாவெளிக்குத் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் என் மேசைக்கு வந்தாள். "அக்கா, இன்னொரு ஆளப் போடச் சொல்லுங்க. இல்லாட்டி நான் வேற இடம்தான் பாக்கணும். என்னால ஏலாது."

முதலாளியிடம் சொன்னேன். ஐம்பது கணினிக்கு ஒருவர் போதும் என்று அவர் எங்கோ வாசித்திருந்தார். கணினியை எண்ணி ஆள் போடுவது, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் பானையை எண்ணிச் சமையலுக்கு ஆள் பிடிப்பது போலத்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்; அன்று அடக்கிக்கொண்டேன்.

"ஒரு மாசம் எழுதிப் பாருங்க மிஸ். எத்தின பிழ வருகுதெண்டு தெரிஞ்சா மறுகா முடிவெடுப்பம்" என்றார். நியாயமான பேச்சு.

இடத்துக்கு ஒரு கொப்பி வைத்தேன். அவளே எழுதினால் முதலாளி நம்பமாட்டார் என்று, கணினியில் பிழை வந்தவர்கள்தான் எழுத வேண்டும் எனச் சட்டம் போட்டேன். காரணத்தை மட்டும் அவளைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்காக இட்டுக்கட்டி எழுதிவிடுவார்களாம். என் அதிபுத்திசாலித்தனம்!

அது அறுவடைக் காலம். வெல்லாவெளியில் நெல் நிறுக்கும் கணினி நின்றுவிட, வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டின. ஓடினாள். பாசிக்குடாவில் இணையம் அறுந்தது. ஓடினாள். தலைமை அலுவலகத்தில் கடவுச்சொல்லை மறப்பவர்கள் அவள் சோற்றுப் பொதியை அவிழ்க்கும் நேரம் பார்த்துத்தான் மறப்பார்கள். எல்லாம் என் கண் முன்னேதான் நடந்தது.

மாதக் கடைசியில் மூன்று கொப்பிகளிலும் சேர்த்து ஒன்பது வரிகள். அதில் இரண்டு நான் எழுதியவை.

"ஒரு ஆளுக்கே வேல இல்லையே மிஸ்" என்றார் முதலாளி. எனக்கு முகம் எரிந்தது.

நேரே கணக்குப் பிரிவுப் பெண்ணிடம் போய் ஏன் எழுதவில்லை என்று கத்தினேன். அவள் என்னை ஒரு கொடுமைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்கு எதிரா நான் எழுதுவனா அக்கா? நல்ல கதை."

பாசிக்குடாக் களஞ்சியத்தைப் பார்ப்பவர் ஓட்டமாவடிக்காரர். தொலைபேசியில் அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "பிழ பிழயெண்டு எழுதினா புள்ளய வேலயால நிப்பாட்டிருவாங்க எண்டு நினச்சம். ஒரு புள்ளட சோத்துல மண் போட ஏலா. ஒருத்தரும் எழுதப்போடாதெண்டு வெல்லாவெளிக்கும் நான்தான் சொன்ன."

ஆக, அவள்மேல் வைத்த பாசத்தினால் ஊரே கூடி அவள் வேலையை மறைத்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு நாள் ஒவ்வொருவராக இருத்தி, நினைவில் உள்ளதையெல்லாம் எழுதவைத்தேன். கொப்பிகள் நிறைந்தன. முதலாளி பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஓம் மிஸ், ரெண்டு பேர் வேணும். இன்னொரு ஆள எடுங்க" என்றார்.

அன்று பின்னேரமே நாவற்குடாவில் அவள் வீட்டுக்குப் போனேன். வாயெல்லாம் பல்லாகச் செய்தியைச் சொன்னேன். அவள் பிளேன்டீயை என் கையில் தந்தாள்.

"நேத்து வேற இடத்தில சைன் வெச்சிட்டன் அக்கா."

"ஏன் புள்ள, ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"மூண்டு இடத்துக்கும் போற நான்தானே. போகக்குள்ள எல்லாம் கொப்பியத் திறந்து பாத்த. ஒண்டு ரெண்டு வரிக்கு மேல ஒண்டுமில்ல. இவ்வளவு ஓடியும் அத எழுத ஒருத்தருக்கும் மனசு வரல்லயே எண்டு இருந்திச்சு."

ஏன் எழுதவில்லை என்பதைச் சொன்னேன். ஓட்டமாவடிக்காரர் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"என்னில இவ்வளவு விருப்பமெண்டு ஒராளாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா."

இரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் நான். நானும் சொல்லவில்லை.