ஒரு பிடி குறைத்தவர்

செய்தி என்னிடம் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாகூர் கொம்யூன் அலுவலகத்தில், அதாவது நாம் மேரி என்று சொல்கிற இடத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவன் நான். அன்று செவ்வாய்க்கிழமை. பண்டசோழநல்லூரிலிருந்து வந்த ஓர் ஆள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார். "எங்க மாமனாரு பூட்டாருங்க. நாலு நாளு ஜொரம். பதிஞ்சிக்கணும்" என்றார். பெயர் கேட்டேன். "தணிகாசலம். கரும்புக்காரருன்னா இங்க தெரியும்" என்றார்.

பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் அவரும் நானும். பேனாவை மையில் தோய்த்தேன். அப்போது எனக்கு முதலில் வந்தது துக்கம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வந்தது வேறு. 'இனிமேலாவது நம் எழுத்துக் கூட்டத்தில் நல்லதாக ஒன்று வந்தால் அது என்னுடையதாக இருக்கலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றும்' என்ற நினைப்புதான் முந்திக்கொண்டு வந்தது. துக்கம் அவருடைய தகப்பனார் பெயரை எழுதும்போது வந்தது. தொழில் என்ற இடத்தில் பயிர்த்தொழில் என்று பிரெஞ்சில் எழுதினேன். வேறு எதுவும் எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

செத்தவரைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் சொல்லலாமா என்று நண்பர்கள் கேட்கலாம். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், வழவழவென்று எழுதினால் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

நம் கூட்டத்தை அறியாதவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகக் கொஞ்சம். தணிகாசலம் அண்ணனுடைய கரும்பாலைக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு பேர் கூடுவோம். மாசிலாமணி வாத்தியார் வாரம் ஒரு பயிற்சி கொடுப்பார். அவரவர் வீட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் சேர்த்துவிட வேண்டும். நான் ஏழு பேர் எழுதியதையும் ஒரே மாதிரித் தாளில், என் கையெழுத்தில், பெயர் இல்லாமல் படியெடுப்பேன். ஞாயிறன்று தணிகாசலம் அண்ணன் உரக்க வாசிப்பார். எழுதியவர் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. "யாரு எழுதுனதுன்னு தெரிஞ்சிதுன்னா எழுத்த உட்டுட்டு மூஞ்சியப் பாப்போம்" என்பது வாத்தியாரின் சட்டம். ஊகம் செய்ய மட்டும் தடையில்லை.

படியெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் என் உத்தியோகம். மேரியில் என் பதவிக்கு எக்ரிவேன் என்று பெயர். பிரெஞ்சில் அதற்குக் குமாஸ்தா என்றும் பொருள் உண்டு, நூல் எழுதுகிறவர் என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டாவது பொருளை நான்தான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து தணிகாசலம் அண்ணன் என்னை வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை.

அவர் படித்தது நாலாவது வரைக்கும். வாலிபத்தில் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டியவர். குரல் அங்கிருந்து வந்தது. அவர் கூட்டத்தில் சேர்ந்த முதல் வாரத்துப் பயிற்சி, உப்பு என்ற சொல் வராமல் உப்பைப் பற்றி எழுதுவது. நான் மூன்று பக்கம் எழுதினேன். அதில் கடல் இருந்தது, அலை இருந்தது, வியர்வை இருந்தது, கண்ணீர் இரண்டு இடத்தில் இருந்தது. அவர் எழுதியது இவ்வளவுதான்: "பந்தியில் என்னைத்தான் முதலில் வைக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைக்க மறந்த அன்றுதான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்." இதைப் படியெடுக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என்னுடையதைப் படியெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு வாரந்தோறும் அதே கதை. நன்றாக இருக்கிற எதை வாசித்தாலும் கிருமாம்பாக்கத்து வைத்தியர் துரைசாமி தொடையைத் தட்டி, "இது கரும்புக்காரருதுப்பா" என்பார். சுமாராக இருந்தால் எல்லாரும் மரியாதையாகக் கூரையைப் பார்ப்பார்கள். என் முகத்தை யாரும் பார்க்காதது என் எழுத்து என்று அவர்களுக்குத் தெரிந்ததால்தான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அவர் கிழட்டு மாட்டைச் சந்தையில் விற்றதைப் பற்றி எழுதியிருந்தார். நம் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுப்பதில்லை, வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். "மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றோடு திரும்பினேன். வழியெல்லாம் கயிறு பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது" என்று முடித்திருந்தார். படியெடுக்கும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். மறதியால் அல்ல. தாளில் இடம்கூட இருந்தது.

ஞாயிறன்று அவர் அதை வாசித்துக்கொண்டு வந்தார். "கயிற்றோடு திரும்பினேன்" என்று வந்ததும் தாளைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ எழுதியிருப்பதைப் படிக்கிற மாதிரியே அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். வைத்தியர் தொடையைத் தட்டினார். கூட்டம் கலைந்து நான் சைக்கிளை எடுக்கும்போது அருகில் வந்து, "இன்னா எக்ரிவேன், கை வலிக்குதா? வலிச்சா சொல்லு, நான் சின்னதா எழுதறன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் வாத்தியார் கொடுத்த பயிற்சியை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வீட்டில் ஒருவர் இல்லை என்பதை, இல்லை என்ற சொல்லே வராமல் எழுத வேண்டும். என் தம்பி சைகோனுக்குக் கப்பலேறி நாலு வருஷம் ஆகியிருந்தது. சண்டை மூண்டதிலிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டைத்தான் எழுதினேன். கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்கிய சட்டை, சுவரில் சாய்த்துவைத்த சாப்பாட்டு வட்டில், தெருவில் தபால்காரரின் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்துகிற என் தாயார். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. அடித்து அடித்து எழுதினேன். கடைசி இரண்டு வரி இப்படி: "அம்மா உலைக்கு அரிசி அளந்தாள். பிறகு ஒரு பிடி சேர்த்தாள்." எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. இந்த ஞாயிறு என்னுடையது என்று நினைத்தேன்.

தணிகாசலம் அண்ணன் அன்றைக்கு அதை வாசித்த மாதிரி வேறு எதையும் வாசித்ததில்லை. கடைசி வரிக்கு வந்தார். ஒரு கணம் நிறுத்தினார். "அம்மா உலைக்கு அரிசி அளந்தாள். பிறகு ஒரு பிடி குறைத்தாள்" என்று வாசித்தார்.

கயிற்றுக்குப் பழி வாங்கிவிட்டார் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. தலைகீழாக மாற்றிவிட்டாரே என்று எழுந்திருக்கப் போனேன். அதற்குள் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கொறச்சா பாரு... கை பழக்கத்துல அளந்துடுச்சி, மனசுக்கு அப்பறந்தான் ஞாபகம் வருது" என்றார். வைத்தியர் தொடையைத் தட்டவில்லை. மெதுவாக, "கரும்புக்காரரே, இத எப்பிடிய்யா எழுதன" என்று கேட்டார். தணிகாசலம் அண்ணன் சட்டத்தை மீறி, "என்னுது இல்லப்பா. சத்தியமா என்னுது இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை? சட்டம் இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. என்னுடையது என்று சொன்னால் எந்தச் சொல்லோடு சொல்வது? சேர்த்தாள் என்று இருந்திருந்தால் வைத்தியர் கூரையைப் பார்த்திருப்பார். அது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் சமையற்கட்டு வாசலில் நின்று என் தாயார் அரிசி அளப்பதைப் பார்த்தேன். படியால் அளந்து முறத்தில் கொட்டினார். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஒரு பிடியை அள்ளித் திரும்பப் பானையில் போட்டுவிட்டு முறத்தைப் புடைக்க ஆரம்பித்தார். நாலு வருஷமாக என் கண் எதிரில் நடந்திருக்கிறது. நான் பார்க்காத என் வீட்டை, எங்கள் வீட்டுப் படியேறாத ஒரு மனுஷர் பார்த்திருக்கிறார். பொறாமை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு முன்னாலேயே போய் அவரைத் தனியாகப் பிடித்தேன். அடுப்புக் குழியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என் சொல்ல ஏன் மாத்துனீங்க?"

"மாத்தணும்னு மாத்தலப்பா. எழுதனத வாயால சொல்லிப் பாக்கணும். வாய்க்கு வெக்கமா இருந்தா அது தானா வேற சொல்லிடும். கூத்துப் பழக்கம்."

"அது எங்க வூட்டுக் கதை. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார். "எம் பொண்ணு அஞ்சலையோட அம்மா பூட்டதுலேர்ந்து எங்க வூட்ல அரிசி அளக்கறது நான்தான்யா" என்றார். பிறகு, "நீ நல்லாதான் எழுதியிருந்த எக்ரிவேன். அந்தச் சட்ட, வட்டிலு, அதெல்லாம் எனக்கு வராது. அன்னிக்கி எனக்கும் வயிறு எரிஞ்சிது" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, நிஜமாகவே எரிந்ததா என்று இன்றுவரை தெரியாது. நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கருமாதி முடிந்த ஞாயிறன்று கொட்டகையில் கூடினோம். அவர் மகள் அஞ்சலையும் வந்து கரும்பு நசுக்கும் ஆலைக்கட்டைக்கு அருகில் உட்கார்ந்தாள். அவர் எழுதியதில் சிறந்ததை வாசித்து அஞ்சலி செய்யலாம் என்றார் வாத்தியார். எது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. "அந்த ஒரு பிடி அரிசிதான்" என்றார் வைத்தியர். வாசிக்கும் குரல் போய்விட்டதால் என்னை வாசிக்கச் சொன்னார்கள்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். அடித்தல் திருத்தலோடு என் முதல் பிரதி சட்டைப் பையில் இருந்தது. வாசித்து முடித்து, இது என்னுடையது, இதோ அத்தாட்சி என்று காட்டுவதாகத் திட்டம். எழுந்து நின்றேன். சட்டை, வட்டில், தபால்காரர் எல்லாம் வந்து போயின. கடைசி வரி வந்தது. சேர்த்தாள் என்று தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். "பிறகு ஒரு பிடி குறைத்தாள்" என்று என் வாய் சொன்னது.

அதற்குப் பிறகு எந்த அத்தாட்சியைக் காட்டுவது? தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலையும்போது அஞ்சலை வந்து, "அத எனக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கீழ அப்பா பேரு போட்டுடுங்க" என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதினேன், குறைத்தாள் என்றே எழுதினேன். பெயர் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. "பேரு போடறது நம்ம கூட்டத்து வழக்கம் இல்லம்மா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். பொறாமைக்கு வாத்தியாரின் சட்டம் கைகொடுத்தது.

அதனால் இப்போது எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் பக்கம் என்னுடையது. அதில் ஒரு சொல் அவருடையது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சத்தை நீங்கள் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள், எனக்கும் அது தெரியும். அஞ்சலை, அந்தத் தாளை ஒருநாள் மேரிக்குக் கொண்டு வா. பக்கத்தின் கீழே என் பெயரையும், அந்த ஒரு சொல்லின் கீழே உன் அப்பா பெயரையும் எழுதித் தருகிறேன்.

பதினோரு வருஷத்தில் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். அதுவும் நான் கேட்டு வாங்கியதில்லை. நேற்று சனிக்கிழமை, இந்த வாரப் படிகளுக்காக மேரியில் உட்கார்ந்து தாள் வெட்டினேன். ஏழு வெட்டி அடுக்கினேன். பிறகு ஒன்று குறைத்தேன்.