அணியில்லாத வரி

பத்து வயதில் எனக்குக் கவிதைப் பைத்தியம் பிடித்தது. அப்போது கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. மகள் வங்காளியாகவே வளர்ந்துவிடுவாளோ என்று பயந்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய இலக்கணப் புத்தகத்தை விரித்து அணிகள் சொல்லிக்கொடுத்தார். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று ஒவ்வொன்றாகக் கற்றதும் என் அட்டகாசம் தாங்க முடியாமல் போயிற்று. ட்ராமைக்கூட வெறும் ட்ராம் என்று சொல்லமாட்டேன்.

அந்த மழைக்காலத்தில் அம்மா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். வயிற்றுவலி என்றார்கள். பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா எனக்காக மீன் சேர்க்காமல் தனியாகச் சமைத்துப் போட்டாள். கூடவே தினம் ஒரு சந்தேஷ் இனிப்பு வேறு. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நான்கு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மதுரையிலிருந்த மாமாவுக்கு, அம்மாவின் அண்ணனுக்கு, மாதம் ஓர் இன்லண்ட் கடிதம் போகும். அம்மாவுக்குப் பிறந்த வீடென்று மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். அந்த மாதம் அவள் நாலே வரி எழுதினாள். இங்கு அனைவரும் நலம், மழை அதிகம், கவலைப்பட ஒன்றுமில்லை, மற்றவை பின்பு. மிச்ச இடத்தை என்னிடம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

விடுவேனா? கங்கை கலங்கி ஓடுவது மாமாவைக் காணாத ஏக்கத்தால்தான் என்றேன். எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் திமிங்கிலம் குட்டி போட்டதாக அளந்துவிட்டேன். கடைசி மடிப்பில் ஒரு வரிக்கு இடம் மீந்தது. கைவசம் இருந்த அணியெல்லாம் தீர்ந்துவிட்டது. சும்மா விட மனமில்லாமல், ‘அம்மா இப்போதெல்லாம் சமைக்கும்போது பாடுவதில்லை’ என்று எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டித் தபால்பெட்டியில் போட்டேன்.

பத்தாம் நாள் காலை வாசலில் மாமா நின்றார். ரிசர்வேஷன் இல்லாமல் இரண்டு நாள் ரயிலில் இடிபட்டு வந்த முகம். கதவைத் திறந்த அம்மா “அண்ணே” என்றாள். அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

எனக்கோ என் கவலை. அவர் காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“மாமா, என் லெட்டர் எப்படி இருந்துச்சு?”

“திமிங்கிலம் பிரமாதம்டி. ஆனா என்னை ரயிலேத்துனது கடைசி வரிதான்.”

“அதுல அணியே இல்லையே, மாமா!”

மாமா என் தலையைத் தடவிக்கொடுத்தார். சே, இவருக்கு ரசனையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கொரு தம்பியோ தங்கையோ வரவிருந்து வராமல் போன கதையை அம்மா என் பதினெட்டாவது வயதில்தான் சொன்னாள். அண்ணனுக்கு எழுதக் கூடாதென்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். உயர்வு நவிற்சி கற்ற எனக்கு, ‘அனைவரும் நலம்’ என்ற அவள் வரிதான் அந்தக் கடிதத்திலேயே பெரிய புளுகு என்று அன்று தெரியவில்லை.

அந்தத் தடவை மாமா ஒரு வாரம் இருந்தார். அடுக்களையில் மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுப்பார். அவர் கிளம்புவதற்குள் அம்மா ஒரு பாட்டாவது பாடினாளா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து, அந்தக் கடைசி வரிக்குப் பொருத்தமாக ஓர் உவமை தேடிக்கொண்டிருந்தேன்.