ஐந்து டிரம் தண்ணீரைக் கவிழ்த்த நாள்

பதினெட்டுப் பெரியவர்களில் பதினொரு பேர் படுக்கையில் விழுந்துவிட்டார்கள். சமைக்க ஆள் இல்லை. தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை. பணிவிடைக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். கழுகுமலை முருகனை நம்பும் என் சொந்தங்களே, இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆவணிக் கடைசியில் நான் இருந்த நிலை இது.

என் பெயர் பெருமாள்சாமி. நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். கோவில்பட்டிக்கு வெளியே, தீப்பெட்டி ஆபீஸ்களையெல்லாம் தாண்டி, கரிசல்காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் வாட்ச்மேன் வேலை எனக்கு. என் மனைவி காளியம்மாள் அங்கேயே சமையல். பெயருக்குத்தான் வாட்ச்மேன். உண்மையில் என் வேலை தண்ணீர். குழாயில் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். அதைப் பிடித்து, தொட்டியில், அண்டாவில், டிரம்மில் நிரப்பி, அடுத்த முறை வரும்வரை பதினெட்டுப் பேருக்கும் ஓட்ட வேண்டும். போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதுவும் ஆடி மாதமே வற்றிவிட்டது.

நான் தண்ணீர் விஷயத்தில் பெரிய கஞ்சன். ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் வீட்டில் கை கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு, ஆடு மிச்சம் வைத்தது வேப்பங்கன்றுக்கு. அப்படி வளர்ந்தவன். யாராவது இரண்டாவது சொம்பு மொண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காலையில் எழுந்ததும் வராந்தாவில் நின்று, “தண்ணி இல்ல, பாத்துச் செலவழிங்க” என்று கத்திவிட்டுத்தான் மற்ற வேலை.

அந்த வருடம்தான் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்தது. நின்றவர் நின்றபடியே முடங்கினார்கள். முதல் நாள் காய்ச்சல், மறுநாள் கை விரலை மடக்க முடியாது, மூன்றாம் நாள் கக்கூசுக்குக்கூடத் தவழ்ந்துதான் போக வேண்டும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கோழி தின்றால் வரும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். பால்காரர் பாத்திரத்தை வெளிக்கேட்டிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

நோய் எங்கள் இல்லத்துக்குள் வருவதற்கு முன்பே சுகாதாரத்துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். கொசுவால் வருகிறது, கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், மூடாமல் வைத்திருக்கும் தண்ணீரையெல்லாம் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்துக் காயப்போட வேண்டும் என்றார். கொட்ட வேண்டுமாம்! எனக்குச் சுருக்கென்றது. தொட்டியையும் அண்டாவையும் அவர் கண் முன்னாலேயே மூடிக் காட்டினேன். பின்பக்கம் விறகு அறையில் ஐந்து நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவர் தெருவில் வருவதைப் பார்த்ததுமே அவற்றின் மேல் சாக்கைப் போட்டு விறகை அடுக்கிவிட்டேன்.

“வேற எங்கயும் தண்ணி இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல சார். இங்கன எல்லாம் நல்லா இருக்கு” என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். காளியம்மாளிடமும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். முதலில் ஒரு டீச்சரம்மா விழுந்தார். அப்புறம் பக்கத்துக் கட்டில். அப்புறம் அதற்கடுத்தது. தினம் ஒருவர், சில நாள் இரண்டு பேர். காலையில் அறைக்குள் போகவே பயமாக இருக்கும். யார் எழுந்திருக்கவில்லை என்று எண்ணிப் பார்க்க வேண்டுமே. துணைக்கு இருந்த ஆயாமார் இரண்டு பேரும் வேலைக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள். பிறகு காளியம்மாள் விழுந்தாள். உலைமூடியைத் தூக்க முடியாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வலிக்கு அழுது நான் பார்த்ததில்லை.

ஒரு டாக்டர் புண்ணியவான் வந்து பார்த்தார். “மருந்தைவிட முக்கியம் தண்ணியும் கஞ்சியும். நிறையக் குடிக்கக் குடுங்க. குடிக்கலைன்னா வயசானவங்க உடம்பு தாங்காது” என்றார். ஆனால் குழாயில் வர வேண்டிய நாள் வந்தும் தண்ணீர் வரவில்லை. தொட்டி அடி தட்டிவிட்டது. சரி, ஒளித்து வைத்ததை எடுப்போம் என்று ஒரு மத்தியானம் விறகு அறைக்குப் போய்ச் சாக்கை விலக்கினேன்.

டிரம் முழுக்கக் கூத்தாடிப் புழு. அதுதான் கொசுக்குஞ்சு. சுருண்டு சுருண்டு மேலே வருகிறது, கீழே போகிறது. சாக்குக்கு அடியிலிருந்து கொசு குப்பென்று என் முகத்தில் மோதியது. விறகு அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே பெரியவர்கள் படுக்கும் அறை. பதினொரு பேரையும் படுக்க வைத்தது யார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துபோயிற்று. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

அப்போதாவது கொட்டினேனா? இல்லை. வேட்டித் துணியில் வடிகட்டி, புழுவைக் கீழே உதறிவிட்டு, தண்ணீரை அதே டிரம்மில் ஊற்றி மூடினேன். அந்தத் தண்ணீரைத்தான் யாருக்கும் தெரியாமல் மொண்டு, கொதிக்க வைத்து, அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மறுபடியும் பொடிப்பொடியாகப் புழு. முட்டை டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்துக் கழுவினால்தான் போகும் என்று அந்த ஆய்வாளர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் செல்லையா அண்ணாச்சி நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். எண்பது வயது. என்னை ‘ஏலே’ போட்டுக் கூப்பிடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். காய்ச்சல் வந்த நாளிலிருந்து டம்ளரைக் கொண்டுபோனால் உதட்டை நனைத்துவிட்டு, “போதும்லே, இறங்க மாட்டேங்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். தொண்டையில் தண்ணீர் இறங்காவிட்டால் நாள் எண்ண வேண்டியதுதான் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. மூன்றாவது நாள் அவர் நாக்கு காய்ந்து தடித்துவிட்டது. கண் உள்ளே போய்விட்டது. என்னால் ஓர் உயிர் போகப்போகிறது என்று பயந்தேன். அந்தப் பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. யார் கூப்பிட்டாலும் தூக்கிவாரிப் போட்டது.

விறகு அறை வாசலில் கழுகுமலை இருக்கும் திசையைப் பார்த்து மண்டியிட்டேன். “முருகா, செல்லையா அண்ணாச்சி தொண்டையில் தண்ணீர் இறங்கட்டும். ஒருவரும் சாகக் கூடாது. எங்களுக்குத் தண்ணீர் கொடு. உன் மலைக்கு நடந்தே வருகிறேன்” என்றேன். அசரீரி எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், பயமும் போகவில்லை. ஆனால் தண்ணீர் கொடு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஐந்து டிரம் தண்ணீர் இருந்தது. அதை ஒளித்து வைத்துக்கொண்டு அவனிடம் கையேந்துகிறேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

எழுந்தேன். இந்தத் தண்ணீர் இருக்கும்வரை கொசு ஓயாது. இரண்டு குடம் மட்டும் வடித்துக் கொதிக்க வைத்துவிட்டு, முதல் டிரம்மைக் கவிழ்த்தேன். வெடித்துக் கிடந்த கரிசல் ஒரு மடக்கில் குடித்துவிட்டது. இரண்டாவது. மூன்றாவது. உள்ளே படுத்திருந்த காளியம்மாள் சத்தம் கேட்டு, “ஏங்க, என்ன கொட்டுதீய? தண்ணியாங்க?” என்று கத்தினாள். அழுதுகொண்டே ஐந்தையும் கவிழ்த்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து வெயிலில் வைத்தேன். நாளைக்குத் தண்ணீர் வராவிட்டால் பதினெட்டுப் பேரும் என்ன ஆவார்கள்? நடமாடக்கூடிய பெரியவர்களிடம் படுத்திருந்தவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஆய்வாளரைத் தேடிப் போனேன்.

வேலை போகும், இல்லத்தைப் பூட்டிச் சீல் வைப்பார்கள், போலீசுக்குக்கூடப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். அவர் மேஜைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, “உமக்கு அறிவிருக்காவே? வயசானவங்க உயிரு என்ன வெளையாட்டா?” என்று சத்தம் போட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு நோட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார். எங்கள் இல்லத்தின் பெயருக்கு நேரே ‘பிரச்சினை இல்லை’ என்று இருந்தது. “நோய் இருக்குத இடத்துக்கெல்லாம் லாரித் தண்ணி, புகை மெஷின், நர்ஸ் எல்லாம் அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம். உங்க இடத்துல ஒண்ணும் இல்லைன்னு நீருதான சொன்னீரு? இப்பம் அங்கன எவ்வளவு தண்ணி இருக்கு?”

“ரெண்டு குடம் சார்.”

உடனே போனை எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. பின்னாலேயே புகை மெஷினும் ஒரு நர்ஸம்மாவும். தொட்டியில் தண்ணீர் தொபதொபவென்று விழும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து செல்லையா அண்ணாச்சி கூப்பிட்டார். குரல் கம்மிப் போயிருந்தது.

“ஏலே பெருமாளு, லாரியா வந்திருக்கு?”

“ஆமா அண்ணாச்சி.”

“தொட்டி நெறஞ்சிருச்சா?”

“வழியப் போகுது.”

“அப்பம் எனக்கு ஒரு சொம்பு கொண்டா.”

தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முழுச் சொம்பையும் குடித்தார். மூச்சு வாங்கிவிட்டு இன்னொன்று கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. “மூணு நாளா இறங்கலை இறங்கலைன்னீயளே அண்ணாச்சி, இப்பம் எப்படி இறங்குது?” என்று கேட்டேன்.

“அப்பமும் இறங்கத்தான்லே செஞ்சிருக்கும்” என்றார். “நீ காலையில எந்திரிச்சா தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு கத்துத. இருக்குதது கொஞ்சம். ஒம் பொண்டாட்டி கெடக்கா, மத்தவிய கெடக்காவ. எனக்கு எண்பது ஆச்சு. நான் குடிச்சு யாருக்கு என்ன ஆவப்போவுது?”

சொந்தங்களே, நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சாவு வந்து அவர் தொண்டையை அடைத்துவிட்டது என்று முருகனிடம் முறையிட்டேனே, அடைத்தது என் வாய்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து டிரம் நிறைய இருந்தபோது, இல்லை என்று நான் சொன்னதை நம்பி ஒரு மனிதர் மூன்று நாள் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறார். அன்றைக்கே அவரிடமும் மற்ற எல்லாரிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டீச்சரம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்குத்தான் காய்ச்சல் வந்தது. அதில் ஒருவன் நான். அத்தோடு நின்றுவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. காளியம்மாளுக்கு விரல் மடங்க நாலு மாதம் ஆயிற்று. தைப்பூசத்துக்கு நானும் அவளும் வீங்கிய முழங்காலோடு கழுகுமலைக்கு நடந்தோம். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர மறுநாளாகிவிட்டது. சந்நிதியில் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

இப்போதும் அதே வேலைதான், அதே பத்து நாள் தண்ணீர்தான். டிரம்களுக்கு மூடி வாங்கிவிட்டோம், வாரம் ஒரு டிரம்மாகக் கவிழ்த்துத் தேய்க்கிறேன். வராந்தாவில் நின்று கத்துவதை விட்டுவிட்டேன். கோபம் மட்டும் முழுசாகப் போகவில்லை, அதற்கும் முருகன்தான் வழி சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் வந்தால் முருகனிடம் கேளுங்கள். தைரியமாகக் கேளுங்கள், கொடுப்பான். ஆனால் கேட்கும்போதே, பயத்தில் எதையாவது மூடி வைத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவனிடம் மட்டும் சொன்னால் போதாது. அவனுக்கு முன்னமே தெரியும். பக்கத்துக் கட்டிலில் தாகத்தோடு படுத்திருப்பவருக்குத்தான் தெரியாது.