நாக்கு கைவிட்ட உப்பு

உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, உறிஞ்சி, ஒரு கணம் வாயில் வைத்திருந்து துப்புவார் டிரைவர் அண்ணா. தாம்பரம் பக்கம் தண்ணீர் லாரிக்காரர்களுக்கு அதுதான் பரிசோதனை. கரித்தால் ஏற்றமாட்டோம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு, எந்த ஊரிலும் எந்த வேலையிலும் நிலைக்காத நான் அவர் வண்டியில் கிளீனராகச் சேர்ந்தேன். மற்ற டிரைவர்களும் சந்தேகம் வந்தால் அவர் நாக்கைத்தான் நம்புவார்கள்.

கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு அந்த நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. வழக்கம்போல உறிஞ்சினார், துப்பினார், "ஏத்துடா" என்றார்.

மாடம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் கொண்டுபோன தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட்டார். பால் திரிந்ததுபோல வெள்ளையாகத் திரண்டது.

"என்னப்பா, பீச்சுலேர்ந்து நேரா வரியா?"

"இன்னா சார், நல்லாத்தானே கீது." அண்ணா குழாயைத் திறந்து கை நிறையப் பிடித்துக் குடித்தே காட்டினார். நானும் ஒரு வாய் குடித்தேன். தொண்டைவரை கரித்தது. என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவர் தலை தொங்கிவிட்டது.

"எவ்ளோ நாளா இப்படி?" சாரின் குரல் இறங்கியிருந்தது.

"காய்ச்சலுக்கப்புறம் சார். ஓனருக்குத் தெரிஞ்சா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. வேற தொழில் தெரியாது சார்."

சார் லோடைத் திருப்பி அனுப்பினார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மறுமுறை போனபோது அந்த மருந்தையே ஒரு சிறிய பாட்டிலில் ஊற்றித் தந்தார். சில்வர் நைட்ரேட். அதுவும் தண்ணீரில் உள்ள உப்பும் சந்தித்தால் ஜோடி மாற்றிக்கொள்ளுமாம். மருந்திலுள்ள வெள்ளி, உப்பிலுள்ள குளோரைடைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் படியும். மிச்சமான இரண்டும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தே கிடக்கும். "கையில படாம பாத்துக்கோ, கறுத்துடும்" என்றார்.

தண்ணீர் ஏற்றும் கிணற்றடியில் அவர் சொட்டு விடுவதைப் பார்த்து மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். "இன்னாண்ணா, நாக்குக்கு லீவா?"

"வாடகைக்கு வுட்டுக்கீறேன்டா."

அண்ணாவுக்கு வேலை தங்கியது. சோறுதான் நான் இருந்தவரை அவருக்கு ருசிக்கவில்லை. வயிறு கேட்கிறதே என்று அள்ளிப் போட்டுக்கொள்வார். நான் அந்த வேலையையும் விட்டு, இப்போது வேறெங்கோ மூட்டை தூக்குகிறேன். அவரை நினைத்தால் அனகாபுத்தூர்க் கிணற்றடியில் ஒரு மத்தியானம்தான் வருகிறது. நல்ல தண்ணீர், சொட்டு விட்டதும் புகைபோல லேசாகக் கலங்கியதோடு சரி. அண்ணா கழுத்துத் துண்டை எடுத்து, வியர்வையை அந்த டம்ளரிலேயே பிழிந்தார். சட்டென்று வெள்ளை திரண்டது. டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"உப்பு எங்கயும் போவலடா," என்றார். டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, "ம், ஹோஸைப் போடு."