சைக்கிளுக்கு ஒரு தட்டு

என் மாமுவைக் கடைத்தெருவில் எல்லோரும் கிராக்கு என்பார்கள். அம்மாவின் தம்பி. சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். மழை வந்தால் குடையைச் சைக்கிளுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடப்பார். கேட்டால், "நான் நனைஞ்சா காஞ்சிருவேன். இது துருப்புடிச்சுரும்ல?" என்பார்.

அதைப் பார்த்த ஒரு மில் துரை சிரித்துக்கொண்டே அந்த இங்கிலீஷ் சொல்லைச் சொன்னாராம். கூட இருந்த குமாஸ்தா அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தார்; அர்த்தமும் சொன்னார். "பைத்தியம்னா பானை உடைஞ்சு போச்சு. கிராக்குன்னா கீறல்தான். தண்ணி ஒழுகாது. தட்டுனா சத்தம் மட்டும் வேற மாதிரி கேக்கும்."

பைத்தியம் என்றால் அடிதடியாகிவிடும். கிராக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லலாம்.

"என்ன கிராக்கண்ணே, எங்க போறீக?"

"உங்க வீட்டு மெஷின் கூப்புட்டுச்சு மாப்ள."

ஆனால் கல்யாணப் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். மாமுவுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை.

எனக்கு எட்டு வயதில், அக்காவைக் கேட்டு ஒரு தோல் வியாபாரி வந்தார். அக்காவுக்குப் பதினாறு. மனைவியை இழந்த அவருக்கு எங்கள் அத்தாவின் வயது. அத்தா சம்மதித்துவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து வைக்கும் நாளில் மாமு வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்பது அத்தாவின் உத்தரவு.

காலையில் எனக்குச் சடை பின்னும்போது அக்கா காதோடு சொன்னாள்: "மாமுவ வரச் சொல்லு. சைக்கிளோட."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமு எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். "அவளா சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

பகலில் ஆண்கள் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது மாமு சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தார். வெளியே மழை இல்லை. கூரைக்கு அடியில் அதற்குக் குடை பிடித்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, எல்லோருக்கும் சலாம் சொன்னார்.

"ஏ புள்ள, இவுகளுக்கும் ஒரு தட்டு கொண்டா. காலையில இருந்து பட்டினி."

நான் கொண்டுவந்தேன். மாமு ஒரு கவளத்தை உருட்டிப் பதமாகச் சைக்கிள் மணியின் மேல் வைத்தார். அத்தாவின் முன்னால் அவ்வளவு நிமிர்ந்து நின்ற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை. பள்ளிவாசல் மினாரைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருங்க இது?" என்றார் மாப்பிள்ளை.

மாமுவே சொன்னார்: "பொண்ணுக்குத் தாய்மாமன். எங்க ரத்தத்துல எல்லாருக்கும் இது உண்டு. சிலருக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியவரும்."

மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். அவர்கள் போனதும் அத்தா, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். மாமு தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வெளியேறினார். அதற்குள் தூறல் விழுந்திருந்தது. சைக்கிளுக்குக் குடை பிடித்தபடி நனைந்துகொண்டே போனார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா அழுதாள். "அழாதக்கா, வேற மாப்பிள்ளை வருவாக" என்று தேற்றினேன்.

மாமுவின் ஒவ்வொரு கிராக்குத்தனத்துக்கும் நான் காரணம் கேட்டிருக்கிறேன், அவரும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் கேட்கத் தோன்றவில்லை.